எட்டுத்துண்டர்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் இவரைவிட அதிகமாக ஈரல் வாங்கிய மனிதர் கிடையாது. இவரைவிடக் குறைவாக ஈரல் தின்ற மனிதரும் கிடையாது. வாங்கியதையெல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தால் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் போட்டிருக்கலாம். தின்றது ஒரு வாய்கூட இல்லை. கேட்டால், "உள்ளுக்குப் போய்ப் பழகின ஒண்டுக்கு எப்படி மிஸ் மிளகாய்த்தூள் போடுறது?" என்பார்.

அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர். அறை வாசலில் நீளமான பெயர்ப்பலகை ஒன்று தொங்கியது. அதை வாசித்தவர் யாருமில்லை. முகத்துக்கு நேரே 'சேர்'. முதுகு திரும்பினால் 'எட்டுத்துண்டர்'. அவருக்கும் அது தெரியும். ஒருநாள் வாட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "நான் எட்டுத்துண்டர் கதைக்கிறன்" என்றார். மறுமுனையில் இருந்த புது நேர்ஸ் பயந்துபோய்த் தொடர்பைத் துண்டித்துவிட்டாள். "ஒன்பதாந் துண்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

பெயர் வந்த கதை இதுதான். புதிதாக யாரைக் கண்டாலும் அவர் சுகம் விசாரிக்க மாட்டார். "ஈரல் எத்தனை துண்டு?" என்றுதான் கேட்பார். ஒன்று என்பார்கள் பாமரர். இரண்டு என்பார்கள் படித்தவர்கள். இரண்டு என்றவர்கள் மீதுதான் அவருக்குக் கோபம் அதிகம்.

"எட்டு! வெளியில பார்த்தா ஒரு கோடும் தெரியாது. எல்லாம் உள்ளுக்க. ஒவ்வொண்டுக்கும் தனியா இரத்தம் வருது, தனியாப் பித்தம் போகுது. ஒண்டைக் கழட்டினா மத்த ஏழும் தன்ட பாட்டில வேலை செய்யும். இப்படி ஒரு கூட்டுக் குடும்பத்தை நீங்க எங்கயாவது கண்டிருக்கிறீங்களா?"

மின்விசிறி திருத்த வந்தவரிடம் கேட்டார். ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம் கேட்டார். தேர்தல் நேரம் வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவரிடமும் கேட்டார். அந்த மனிதர் கொஞ்சமும் யோசிக்காமல், "டொக்டர், பிரிச்சுப் பார்க்கிறது எங்கட கொள்கையே இல்ல" என்றார்.

நான் அப்போது தியேட்டர் நேர்ஸ். அவர் கேட்கும் கத்தியை அவர் கேட்கும் முன்பே கையில் வைப்பது என் வேலை. அவர் பதவியேற்று வந்த முதல் மாதமே, எங்கள் தலைமை நேர்ஸான மேற்றனின் பிரியாவிடையில் அவரிடம் கேக் வெட்டும் கத்தியைக் கொடுத்தது யாருடைய புத்தி என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கேக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து பார்த்தார். நடுவில் கிறீமால் ஒரு கோடு போட்டிருந்தது.

"எல்லாரும் விடுற பிழை இதுதான். கண்ணுக்குத் தெரியிற நடு, நடு இல்ல. உண்மையான நடு இன்னும் வலப்பக்கம் தள்ளி இருக்கு" என்று சொல்லி, மேற்றனின் பெயருக்குக் குறுக்கே கத்தியை இறக்கினார். பிறகு வலப்பக்கத்தை நாலாக்கினார். இடப்பக்கத்தை மூன்றாக்கினார். கடைசியாகத் தட்டைத் திருப்பி, பின்பக்கம் அடியிலிருந்து பாக்களவு ஒன்றைக் கிள்ளி எடுத்தார். "இதுதான் முதலாந் துண்டு. பின்னால ஒளிஞ்சிருக்கும். ஆகலும் முக்கியம்" என்று அதை ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் கையில் வைத்தார். பணிப்பாளர் அதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற எழுதுவினைஞரின் கையில் இருந்த ஐந்தாம் துண்டைப் பார்த்தார். மேற்றனுக்குப் பெயரில் பாதிதான் கிடைத்தது.

பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். குருக்கள்மடத்து வயற்காரர் ஒருவரின் மகன். வெளிநாட்டில் போய்ப் படித்து, அங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டும் திரும்பி வந்தவர். அங்கே வயிற்றைப் பிளக்காமல் சின்னத் துளைகள் போட்டு, ஒரு துளையால் கமராவை விட்டு, ரீவியில் பார்த்துப் பார்த்து ஈரலில் வேண்டிய துண்டை மட்டும் எடுப்பதைக் கண்டிருந்தார். அந்த வேலையை இங்கே செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கனவு. கனவுக்குக் குறுக்கே நின்றது ஒரு சின்ன விஷயம். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கருவி இல்லை.

ஆகவே அவர் மீன் ஏற்றுகிற, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கி, ஆஸ்பத்திரி அறையில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டார். உள்ளே டோர்ச் லைட். ஒரு பழைய வீடியோ கமரா. வெளியே மூலை உடைந்த ரீவி. பெட்டிக்குள் ஒரு ஈரல். வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்த முழ நீளக் குறடுகளை ஓட்டைகளால் விட்டு, ரீவியைப் பார்த்தபடி குடையத் தொடங்கினார். இதில் ஒரு சிக்கல் உண்டு. கை இடப்பக்கம் போனால் குறட்டின் முனை வலப்பக்கம் போகும். கை மேலே போனால் முனை கீழே போகும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ள, மதியச் சாப்பாட்டையும் அந்தக் குறடுகளாலேயே, கண்ணாடியைப் பார்த்தபடி சாப்பிட ஆரம்பித்தார். இடியப்பத்தை ஒவ்வொரு இழையாக எடுத்து வாய்க்குள் வைப்பார். பருப்பு நாட்களில் அவர் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

பழக்கம் முற்றியபோது வேறு விபரீதம் வந்தது. வழி கேட்பவர்களுக்கும் அவர் கை எதிர்ப்பக்கம்தான் காட்டியது. கிளினிக் எங்கே என்று கேட்ட ஒரு குடும்பம் பிரேத அறை வாசலில் போய் நின்று, "இன்னும் நேரம் செல்லுமா?" என்று விசாரித்திருக்கிறது.

இனி ஈரல் வந்த வழிக்கு வருவோம். காத்தான்குடியில் அசனார் காக்கா என்று ஒருவர் இறைச்சிக் கடை வைத்திருந்தார். அங்கே அண்ணனுக்குக் காக்கா. குரல் பெரிது, வயிறு பெரிது, சந்தேகம் எல்லாவற்றையும் விடப் பெரிது. நான் ஆரையம்பதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ் அவருடைய கடை வாசலால்தான் போகும். விஷயம் தெரிந்ததும் எட்டுத்துண்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். பஸ் மெதுவாகும்போது அசனார் காக்கா ஜன்னலால் பார்சலை நீட்டுவார். கூடவே முறைப்பாடும் வரும்.

"தங்கச்சி, மத்தாக்கள் நரம்பெல்லாம் எடுத்துக் கழுவித் தாங்க எண்டு கேக்கிற. உங்கட டொக்டர் நரம்பு ஒண்டும் அறக்கூடாது, பித்தப் பையும் இரிக்கணும் எண்டு சொல்றாரு. அவரு இத என்னதான் செய்யிற?"

"படிக்கிறார் காக்கா."

"எப்ப புள்ள சோதனை?"

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திருநீற்றோடு பஸ் ஏறினாலும் மடியில் ஈரல். மூன்றாம் நாளே பஸ்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். எவ்வளவு நெரிசல் என்றாலும் என் பக்கத்துச் சீட் காலியாகவே வந்தது. அவருடைய ஊருக்கும் எங்கள் ஊருக்கும் மனஸ்தாபம் வந்து கடைகள் பூட்டிக் கிடந்த நாட்களிலும் பார்சல் மட்டும் நிற்கவில்லை. எல்லைத் தெருவில் சைக்கிளில் வந்து தந்துவிட்டு, "ரோட்டுப் பிரச்சினை ரோட்டோட. ஈரல் பழுதாகிப் போகும், கொண்டு ஓடுங்க" என்பார் அசனார் காக்கா.

ஒருநாள் கல்லடிப் பாலத்தடியில் ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பையைத் திறந்த பொடியன் முகம் வெளுத்துப் பின்னால் பாய்ந்தான். "மே மொகத்த?" என்று கத்தினான். இது என்ன என்று அர்த்தம். எனக்குச் சிங்களத்தில் ஈரலுக்கு என்ன சொல் என்று தெரியாது. விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து, இங்கே இருந்து எடுத்தது என்று காட்டினேன். நிலைமை இன்னும் மோசமானது. துவக்குகள் என் பக்கம் திரும்பின.

நல்ல காலம், பின்னால் நின்ற வாகன வரிசையில் எட்டுத்துண்டர் இருந்தார். கெட்ட காலம், அவர் இறங்கி வந்தார். பார்சலைப் பிரித்து மண்மூட்டை மேல் விரித்தார். சட்டைப் பையில் இருந்த பேனையால் காட்டிக் காட்டி, மாட்டு ஈரல் எங்கே முடிகிறது, மனித ஈரல் எங்கே வேறுபடுகிறது என்று நல்ல சிங்களத்தில் வகுப்பெடுத்தார். சிங்களத்தில் துண்டுகளை 'கேலி' என்பார்கள். எட்டுத் துண்டுக்கு 'கேலி அட்டக்'. எங்கள் காதுக்கு அது பொருத்தமாகவே விழுந்தது. பஸ் முழுவதும் வெயிலில் நின்று கேட்டது. முடிவில் ஆமிக்காரர்களில் மூத்தவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இதில் பொரிக்க நல்லது எத்தனையாவது?" எட்டுத்துண்டர் வந்த கோபத்தில் ஈரலை மறந்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். அன்று அந்தச் சோதனைச்சாவடியில் விருந்து. அதற்குப் பிறகு என் பையை அவர்கள் திறக்கவே இல்லை.

பிறகு கடல் வந்தது.

அந்த ஞாயிறு காலையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையின் கடற்பக்க வீடுகள் முழுவதும் போயிற்று என்பதோடு நிறுத்துகிறேன். நான் நடந்தும் ஓடியும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எட்டுத்துண்டர் ஏற்கெனவே அங்கே நின்றார். நனைந்த சாரம், யாருடையதோ ஒரு சட்டை, காலில் ஒன்றுமில்லை. அவருடைய வாடகை வீடு கல்லடியில் கடலைப் பார்த்தபடி இருந்தது.

"சேர், உங்கட வீடு?"

"அது போயிட்டுது. அடுத்த ஆளைக் கொண்டு வாங்க."

அந்த வாரம் முழுக்க அவர் ஈரல் என்ற சொல்லை எடுக்கவில்லை. புண் கழுவினார். எலும்பு வைத்தார். தைத்தார். நின்றபடியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவார், கூப்பிட்டால் திறப்பார். யாரிடமும் எத்தனை துண்டு என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்படியான ஒரு நாளில்தான் பொலிசிலிருந்து ஆள் வந்தது. வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் ஒரு பிரிஜ் ஒதுங்கியிருக்கிறதாம். திறந்து பார்த்தவர்கள் ஓடிவிட்டார்களாம். உள்ளே பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இறைச்சித் துண்டு. ஒவ்வொன்றின் மேலும் இலக்கம். டொக்டர்மார் யாராவது வந்து என்னவென்று சொல்ல வேண்டும். எட்டுத்துண்டர் எழுந்தார். நானும் போனேன்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக எடுத்தார். "இது ஆறு. இது ஏழு. இது... ரெண்டும் மூண்டும் சேர்த்து."

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்த நாட்களில் எங்களுக்கு எண் என்றால் ஒரே அர்த்தம்தான். "மொத்தம் எத்தனை பேர் சேர்?" என்று கேட்டார்.

"ஒரு மாடு" என்றார் எட்டுத்துண்டர்.

அதிலும் பிரச்சினை தீரவில்லை. சில பெட்டிகளில் இலக்கத்தோடு ஒரு வரியும் எழுதியிருந்தது. பிழையாகிப்போன வெட்டுகளுக்கு எட்டுத்துண்டர் தன்னைத் தானே ஏசிக் கடுதாசி ஒட்டி, வீட்டுப் பிரிஜ்ஜில் வைப்பது வழக்கம். பொலிஸ்காரர் ஒன்றை எடுத்துச் சத்தமாக வாசித்தார்: "'நரம்பை அறுத்த மடையன்.' ஆர் சேர் இந்த மடையன்? தேடிப் பிடிக்கிறதா?"

"தேடத் தேவையில்ல. உங்களுக்கு முன்னாலதான் நிற்கிறான்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சேற்றுக்குள் நின்று, அந்த நாற்றத்துக்குள் நின்று, பொலிஸ்காரரும் மீனவர்களும் நானும் கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தோம். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. எட்டுத்துண்டர் மட்டும் பெட்டிகளை மறுபடி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின் சண்டை மறுபடி தொடங்கியது. துவக்குச் சூடு பட்டவர்கள், செல் என்கிற எறிகணை பட்டவர்கள். துளை போட்டு ரீவி பார்க்கிற வேலையா அது? மேலிருந்து கீழ்வரை திறந்து, கையை உள்ளே விட்டு, இரத்தத்தை நிறுத்துவதுதான் வேலை. "செல் துண்டுக்கு எட்டும் தெரியாது, ஒன்பதும் தெரியாது மிஸ். அது கண்ட பாட்டுக்குப் போகும்" என்பார் கை கழுவும்போது. புதிய றெஜிபோம் பெட்டி வந்தது, ஓட்டைகளும் வந்தன, ஆனால் பல மாதங்கள் அது மூலையில் கிடந்தது.

சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, பஸ்ஸில் இறங்கி ஏறத் தேவையில்லாத காலம் வந்தபோது எங்களுக்கு அந்தக் கருவியும் வந்தது. பித்தப் பைக் கல் எடுப்பதற்கென்று தந்தார்கள். எட்டுத்துண்டர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த விதத்தை ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்குகிற விதம் என்று சொன்னால் தகப்பன்மார் கோபிப்பார்கள். அவ்வளவு பக்குவமாக அவர்கள் தூக்குவதில்லை. கல் எடுத்தார், எடுத்தார், ஊரில் கல்லே தீர்ந்துபோகும் அளவுக்கு எடுத்தார். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் கமராவை ஈரல் பக்கம் திருப்பி ஒரு நிமிஷம் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர் போல.

அந்த நேரம்தான் அசனார் காக்கா வயிற்றெரிவு என்று வந்தார். ஸ்கான் எடுத்தார்கள். எட்டுத்துண்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"காக்கா, உங்கட மூண்டாந் துண்டில ஒரு கட்டி இருக்கு. நல்லதா கெட்டதா எண்டு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அசனார் காக்கா வயிற்றில் கையை வைத்தார். "எனக்கும் எட்டா டொக்டர்?"

"எல்லாருக்கும் எட்டுத்தான்."

"அல்லாவே! இவ்வளவு நாளும் மாட்டுக்கு எண்டெல்லோ நினைச்ச!"

மனிதர் அழுதார், சிரித்தார், பிறகு பேரம் பேசத் தொடங்கினார். எவ்வளவு வெட்டுவீர்கள்? மூன்றாந் துண்டு மட்டும் என்றார் இவர். இரண்டாவது? அது உங்களுக்கே. கொஞ்சம் குறைத்து வெட்ட ஒண்ணாதா? ஒண்ணாது, கட்டியைச் சுற்றி நல்ல இடமும் சேர்ந்து வர வேண்டும். கொழும்புக்குப் போனால்? போகலாம், நானே எழுதித் தருகிறேன், அங்கே எனக்குத் தெரிந்த கெட்டிக்காரர் இருக்கிறார். இந்தக் கடைசிப் பதிலில்தான் அசனார் காக்கா கொஞ்சம் அடங்கினார்.

"வயல் விளங்கும்தானே காக்கா" என்று எட்டுத்துண்டர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஒரு வட்டைக்குள்ள, ஒரே வெளிக்குள்ள, எட்டு வயல். வரம்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால். உங்கட மூண்டாம் வயலுக்கு வாற வாய்க்காலை மட்டும் நான் கட்டினா, அந்த வயல் மட்டும் காயும், நிறம் மாறும். மத்ததெல்லாம் பச்சையா இருக்கும். அந்தக் கோட்டாலதான் வெட்டுவன். வேற ஆளின்ட காணிக்குள்ள கால் வைக்க மாட்டன்."

அசனார் காக்கா கூரையைப் பார்த்தபடி சொன்னார். "என்ட கடையால போன ஈரலெல்லாம் எனக்கெண்டுதான் போயிரிக்கி. வேற ஆருக்கிட்டயும் போனா அது வீண். நீங்களே வெட்டுங்க. ஆனா ஒண்டு. நம்பர் ஒட்டிப் பிரிஜ்ல வைக்க ஒண்ணாது."

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் எட்டுத்துண்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். முகத்தில் விளையாட்டு இல்லை. "மிஸ், இந்த நாளுக்காக எத்தினை வருஷம் காத்திருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். ரீவிக்குள்ள போனா எனக்கு வெளியுலகம் தெரியாது. இரத்தம் கூடி, நான் விடாப்பிடியா நிண்டா, நீங்க 'திறவுங்க' எண்டு சொல்லணும். சொன்னா அந்த நிமிஷமே வயித்தைத் திறப்பன். ஏன் எண்டு கேட்க மாட்டன். பெரிய கத்தியை என்ட கண்ணில படுற இடத்தில வையுங்க."

"நான் எப்படி சேர்..."

"உங்களுக்குத் தெரியும். என்ட பிழையெல்லாம் பக்கத்தில நிண்டு பார்த்த ஆள் நீங்கதானே."

அன்று காலை தியேட்டரில் ஒரு பகிடியும் இல்லை. மயக்க மருந்து நிபுணர், உதவி டொக்டர், நான், கட்டிலில் அசனார் காக்காவின் பெரிய வயிறு. காற்று ஏற்றி வயிற்றை உயர்த்தினார்கள். கமரா உள்ளே போனது. திரையில் ஈரல் தெரிந்தது. நான் சுமந்து வந்தவை போல் கறுத்துத் தொங்குகிற ஈரல் அல்ல. உயிரோடு, பளபளவென்று, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிற ஈரல். எங்கே பார்த்தாலும் ஒரே செம்மண் நிறம். ஒரு கோடும் இல்லை.

அவர் கொப்பூழிலிருந்து வருகிற நாணை மெல்ல உயர்த்தி, அதன் இடப்பக்கத்து இடுக்கில் துழாவத் தொடங்கினார். அவசரமில்லை. இடியப்ப இழையை எடுப்பது போல ஒவ்வொரு சவ்வாக விலக்கினார். வெள்ளையாக ஒரு குழாய்க் கொத்து தெரிந்தது. "மூண்டுக்கு வாற வாய்க்கால்" என்றார் தாழ்ந்த குரலில். குறட்டால் பிடித்து இறுக்கினார்.

எல்லோரும் திரையைப் பார்த்தோம்.

ஈரலின் ஒரு மூலை மங்கத் தொடங்கியது. மெதுவாக, மழைக்கால மேகம் வயலுக்கு மேலால் போவது போல, ஊதாவாகக் கறுத்தது. கறுப்பு ஓர் இடத்துக்கு வந்து நின்றது. நின்ற இடத்தில் கோடு. யாரோ பென்சில் வைத்துக் கீறியது போல. கேக்கிலும் மண்மூட்டையிலும் எத்தனையோ தடவை அவர் காட்டிய, ஆனால் எங்களில் யாரும் கண்டிராத கோடு. உள்ளதைச் சொல்கிறேன். அதுவரை எட்டுத் துண்டு என்பது பாதி அவருடைய கற்பனை என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

கோட்டால் வெட்டிக்கொண்டு போனார். ஈரலை நசித்து, நசிபடாமல் நிற்கிற குழாயைக் கட்டி, அறுத்து, மறுபடி நசித்து. பாதிக்கு மேல் போயிருக்கும். திடீரென்று திரை சிவந்தது. ஆழத்திலிருந்த ஒரு நாளம் கிழிந்திருக்க வேண்டும்.

"துணி" என்றார். மடித்த துணியை உள்ளே விட்டு, குறட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துணி சிவந்தது. மயக்க மருந்து நிபுணர் எழுந்து நின்றார். உதவி டொக்டர் என்னைப் பார்த்தார். என் கை பெரிய கத்தியில் இருந்தது. எட்டுத்துண்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மிஸ், சொல்லப் போறீங்களா?"

நான் அவருடைய கையைப் பார்த்தேன். அது அசையவில்லை. வீம்பில் இறுகிய கை எனக்குத் தெரியும். மடையன் என்று ஒட்டிய நாட்களில் கண்டிருக்கிறேன். இது அந்தக் கை இல்லை. இது காத்திருக்கிற கை. துணியின் சிவப்பு பரவுவது நின்றிருந்தது.

"இன்னும் இல்ல, சேர்."

"சரி."

காத்திருந்தோம். பிறகு அவர் துணியின் ஓரத்தை மெல்ல, மெல்ல உயர்த்தினார். கிழிசல் தெரிந்தது. கிளிப் ஒன்றைப் போட்டார். இன்னொன்று. திரை தெளிந்தது. உதவி டொக்டர் விட்ட பெருமூச்சில் அவருடைய முகமூடி பலூன் போல ஊதியது.

துண்டை ஒரு பைக்குள் போட்டு, அடிவயிற்றில் போட்ட சின்ன வெட்டால் வெளியே எடுத்தார்கள். எட்டுத்துண்டர் கையுறையைக் கழற்றினார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று பார்த்தேன். "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் அசனார் காக்கா வாட்டில் நடந்து திரிந்தார். தன் துண்டைக் காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். போத்தலுக்குள் இருந்ததைக் கண் சுருக்கிப் பார்த்தார். அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"சின்னந்தான்" என்றார் முதலில் ஏமாற்றத்தோடு. பிறகு தொழில்காரனின் கண் விழித்துக்கொண்டது. "ஆனா டொக்டர், வெட்டு சுத்தம். எங்கயும் பிசிறில்ல. நாற்பது வருஷமா வெட்டுறன், எனக்கே இப்படி வராது. கடைக்கு வாறீங்களா?"

எட்டுத்துண்டருக்கு எத்தனையோ பட்டங்கள் இருந்தன. அன்று சிவந்த மாதிரி அவருடைய முகம் சிவந்து நான் கண்டதில்லை.

சோதனை முடிவு கொழும்பிலிருந்து வந்தது. கட்டி கெட்டதுதான். ஆனால் ஓரங்களில் ஒன்றுமில்லை, முழுதாக வந்துவிட்டது. இவர் அதை அசனார் காக்காவுக்குச் சொன்ன விதம்: "கெட்டவன் போயிட்டான் காக்கா. வேலிக்குள்ளயே வைச்சுப் பிடிச்சிட்டம்." அசனார் காக்கா எழுந்து அவரைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்காத மாதிரி நின்றார்கள்.

சில வருஷங்களில் அவருக்கு இடமாற்றம் வந்தது. இப்போது தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் டொக்டர்களுக்குப் படிப்பிக்கிறார் என்று கேள்வி. அந்தப் பிள்ளைகளை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

போன வருஷம் எனக்கே ஒரு சத்திரசிகிச்சை வந்தது, கொழும்பில். சின்ன விஷயம்தான். நல்ல டொக்டர், நல்ல பிள்ளை, என்னை அம்மா என்று கூப்பிட்டு, செய்யப் போவதைப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரு குறையும் இல்லை. மேசையில் கிடத்தி, மயக்க மருந்து ஏற்றி, எண்ணச் சொன்னார்கள். பச்சை முகமூடிகள் என்னைச் சுற்றிக் குனிந்தன. அந்த முகமூடிகளுக்கு மேலே தெரிந்த கண்களை ஒவ்வொரு சோடியாகப் பார்த்துக்கொண்டு போனேன். எட்டுத்துண்டர் அங்கே இருக்க மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கண் மூடும்வரை தேடினேன்.